மார்கழிக் குளிரும் என் கார் வைத்தியமும்

மெட்ராஸ் பட்டணத்தில் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும் என்று நம்பிய ஒரே அறிவாளி அடியேன்தான்.

யுத்தம் முடிந்த பிறகு வந்த மார்கழி. என் மனைவி ரேடியோவில் முதன்முதலாகப் பாடப் போகிறாள். எங்கள் பழைய காரின் பின்சீட்டில் கண்ணை மூடி ராகத்தை முனகிக்கொண்டு வந்தாள். மயிலாப்பூர் மாடவீதி திரும்பியதும் டாஷ்போர்டுக்குப் பின்னால் களக், களக் என்று சத்தம்.

குளிரில் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்தால் இப்படிச் சத்தம் வருமென்று ஒரு சீமைப் பத்திரிகையில் படித்திருந்தேன். வண்டியை நிறுத்தி, ரேடியேட்டரைப் போர்த்தத் துணி தேடி டாஷ்போர்டு அறைக்குள் கைவிட்டால் ஒரு கூஜா. உள்ளே ஆவி பறக்கும் வெந்நீர். தெய்வச் செயல் என்று அத்தனையையும் ரேடியேட்டரில் ஊற்றினேன். சத்தம் நின்றது. எழும்பூர் ரேடியோ நிலையம் வரை என்னை நானே மெச்சிக்கொண்டு ஓட்டினேன்.

இறங்கியவள் கூஜாவை ஆட்டிப் பார்த்தாள். "தொண்டைக்கு வச்சிருந்த சுக்கு வெந்நீரை என்ன பண்ணினேள்?"

"காருக்குக் கொடுத்துட்டேன்."

களகளத்தது கூஜாதான் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் கூஜாவை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வரவேற்பறை ரேடியோவில் அவள் குரல் கணீரென்று எழும்வரை காலிக் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குரல் எழுந்ததும், வாசல் காவலரைக் கட்டிக்கொண்டேன். அந்தக் குரலுக்கு என் தயவும் வேண்டாம், சுக்கின் தயவும் வேண்டாம் என்று தெரிந்ததில் அப்படியொரு சந்தோஷம்.

வெளியே வந்தவளுக்குக் கார்க் கதவைத் திறந்து பிடித்து, "பாகவதரம்மா ஏறலாமே" என்றேன்.

"நான் டிராம்ல வரேன்."