எல்டன் சட்டசபையை ஜூனுக்குத் தள்ளினான்

என் தங்கை மேவிஸின் புருஷன் எல்டன் ரோஸ்வோல்ட் பேச்சில் மகா கஞ்சன். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டினான். "வாயத் திறந்து சொல்லுப்பா, கர்த்தருக்கும் கேக்கணும்" என்று அவர் அதட்டிய பிறகுதான் சம்மதம் வெளியே வந்தது. மாட்டு ஏலத்தில்கூட ஒற்றை விரலைத்தான் தூக்குவான். அப்படிப்பட்டவன் இந்த மாநிலத்தின் அரசியல் சட்டத்தைத் திருத்தினான். எதற்காகத் திருத்தினான் என்று செய்தித்தாளில் வந்தது எதுவும் சரியில்லை. நான் மாட்டு லாரி ஓட்டுகிறவன். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் அவன் எல்லாவற்றையும் கொட்டினான்.

எங்கள் சட்டசபை ஜனவரியில் கூடும். வயலில் வேலை இல்லாத மாதம் என்று அந்தக் காலத்து ஆட்கள் அப்படி எழுதி வைத்துவிட்டார்கள். எழுதியவர்கள் கோதுமைக்காரர்கள். ஆற்றுக்கு மேற்கே நாங்கள் மாடு வளர்க்கிறவர்கள். பனியில் தண்ணீர்த் தொட்டி கல்லாகிக் கிடக்கும் அந்த மாதங்களில்தான் எங்கள் பசுக்கள் கன்று போட ஆரம்பிக்கும். அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. எங்கள் பக்கத்திலிருந்து ஒருவன் சபைக்குப் போனால், திரும்பி வரும்வரை அவன் மாடுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரன் பார்க்க வேண்டும். கூலி கிடையாது. வசந்தத்தில் கன்றுகளுக்குச் சூடு போடும் நாளில் ஒரு விருந்து, அவ்வளவுதான். மாட்டேன் என்று சொன்னவன் எவனும் இல்லை. சொன்னால் காபிக்கடையில் தனி மேசைதான்.

எங்கள் உறுப்பினர் லூமிர் வொந்த்ரா. மனைவியை இழந்தவன். தேய்த்த சட்டை, சவரம் செய்த கன்னத்தில் வாசனைத் தண்ணீர், கல்யாண வீடுகளில் அக்கார்டியன் வாசிப்பு. வேலிக்கு அந்தப்புறம் அவன் பண்ணை, இந்தப்புறம் எல்டன் பண்ணை. ஆகவே லூமிரின் பசுக்கள் எல்டன் தலையில்.

அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனதும் மேவிஸுக்குச் சபையில் வேலை கிடைத்தது. உறுப்பினர்கள் முன்னால் மசோதாக்களை உரக்க வாசிக்கிற வேலை. பள்ளிக்கூட நாடகத்திலேயே கடைசி பெஞ்சு வரை கேட்ட குரல் அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை மதியம் லூமிரின் கார் வாசலில் ஹாரன் அடிக்கும். வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் கொண்டுவந்து விடும். எல்டனின் வண்டி மாட்டுக்குத் தீவனம் ஏற்ற வேண்டுமே, அதனால் அவள் லூமிர் காரில்தான் போகவேண்டும். தலைநகருக்கு நீண்ட சாலை. வழியில் ஊர் கிடையாது, மரம்கூடக் கிடையாது. இரண்டு பேரும் பேசாமல் போக முடியாது.

ஒரு பிப்ரவரி காலையில் லூமிரின் தொழுவத்துக்குப் போனேன். எல்டன் முழங்கால் போட்டு, தலையீற்றுப் பசு ஒன்றின் கன்றைச் சங்கிலி கட்டி இழுத்துக்கொண்டிருந்தான். உத்தரத்தில் தொங்கிய ரேடியோவில் சபை நடவடிக்கை. என் தங்கை ஏதோ சாலை வரி மசோதாவை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா மச்சான். அவன் கன்ன நான் இழுக்கிறேன், அவன் என் பொண்டாட்டிய..."

"டேய்! அவ என் தங்கச்சி. நாக்க அளந்து பேசு."

"கார்ல கூட்டிட்டுப் போறான்னு சொல்ல வந்தேன்."

அப்போது ரேடியோவில் லூமிரின் குரல் வந்தது. "மேவிஸ், அந்தப் பத்திய இன்னொரு தடவ வாசிக்கிறீங்களா?"

எல்டன் சங்கிலியை விட்டுவிட்டான். பசு திரும்பிப் பார்த்தது. நான் ஓடிப்போய்ப் பிடிக்காவிட்டால் கன்று உள்ளேயே நின்றிருக்கும்.

"கேட்டியா? மத்தவன் எல்லாம் 'வாசிப்பாளர்'னு கூப்பிடுறான். இவனுக்கு மட்டும் மேவிஸ்!"

"அவ பேரு மேவிஸ்தானடா?"

"அவன் வாயில அது வேற மாதிரி இருக்கு."

கன்று விழுந்தது. நல்ல காளைக்கன்று. எல்டன் அதை வைக்கோலால் தேய்த்துவிட்டான், மூக்கில் துரும்பு விட்டுத் தும்ம வைத்தான், தாயிடம் தள்ளினான். செய்யவேண்டியதில் ஒன்றும் குறைவைக்கவில்லை. முகம் மட்டும் விஷம் குடித்தவன் மாதிரி இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நான் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டேன். மேவிஸ் குளிரில் சிவந்த கன்னத்தோடு வந்தாள். குறட்டை விட்டுத் தூங்கிய ஓர் உறுப்பினர் தன் மசோதாவுக்கே 'எதிர்க்கிறேன்' என்று எழுந்து கத்திய கதையைச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "லூமிர் அவர மாதிரியே செஞ்சு காட்டினாரு பாருண்ணே, கார நிறுத்தவேண்டியதாப் போச்சு!"

நான் சிரித்தேன். எல்டன் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கினான்.

"ரோடு எப்படி இருந்துச்சு?" என்றான்.

"பனிதான்" என்றாள். பிறகு அவள் வேறு கதை சொல்லவில்லை.

மறுநாள் லாரியில் கேட்டேன். "போகாதேன்னு அவகிட்ட சொல்லித் தொலையேன்."

"பொண்டாட்டியக் கட்டிப்போடுறவன்னு என்ன நெனச்சியா?"

"அப்ப லூமிர்கிட்ட சொல்லு. உன் மாட்ட நீயே பாத்துக்க, எனக்கு முதுகு வலின்னு."

தேவாலயத்துக்குத் தீ வை என்று நான் சொன்னதுபோல என்னைப் பார்த்தான். பிறகு கண்ணாடியில் படிந்த மூச்சைக் கையால் துடைத்துவிட்டுச் சொன்னான்: "அவளையும் தடுக்க முடியாது, அவனையும் தடுக்க முடியாது. சபையத்தான் மாத்தணும்."

"எந்த மாசத்துக்கு மாத்துவ?"

"ஜூனுக்கு. புல்லறுப்பு நேரம். புல்லக் கட்டு கட்டுற பேலர இழுக்கிற டிராக்டர மேவிஸ்தான் ஓட்டுவா, அவ இல்லாம எங்க புல்லு வீடு சேராது. அவனும் அவன் புல்ல விட்டுட்டுப் போகமுடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவ."

"வேலி தாண்டிப் பேசினா?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. முகம் கறுத்தது. "பேலர் சத்தத்துல கேக்காது" என்றான் கடைசியில்.

இங்கே சாதாரண மனிதனும் கையெழுத்து திரட்டி அரசியல் சட்டத் திருத்தத்தைத் தேர்தலில் ஓட்டுக்கு விடலாம். எல்டன் திரட்டினான். ஏலக் கூடத்தில் நின்றான், காபிக்கடையில் நின்றான், சாவு வீட்டு வாசலில்கூட நின்றான். அவன் பேச்சு ஒரே வாக்கியம்: "கன்னு போடுற மாசத்துல நம்மாளு வீட்டுல இருக்கணும்." மாட்டுக்காரர்களுக்கு அது போதும். நகரத்துக்காரர்கள் பனிச்சாலை விபத்துகளை நினைத்து ஆதரித்தார்கள். பேசவே தெரியாதவன் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

திருத்தத்தின் வாசகத்தை மேவிஸ்தான் தட்டச்சு செய்து கொடுத்தாள். எந்த ஷரத்து, எந்த வரி, ஜனவரியை எடுத்தால் வேறு எங்கே இடிக்கும், எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். நான் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு எதுக்கு எல்டன் இந்த வேலை?" என்று கேட்டாள்.

"மாட்டுக்காக."

"மாட்டுக்காக." சபையில் வாசிப்பதுபோல நிறுத்தி அதைத் திருப்பிச் சொன்னாள். அவன் முகத்தையே பார்த்திருந்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். அவள் மறுபடி தட்டச்சுக்குத் திரும்பினாள். அதற்கப்புறம் சாவிகள் கொஞ்சம் பலமாகவே விழுந்தன.

முதல் கையெழுத்து யாருடையது என்கிறீர்கள்? லூமிருடையது. தாளைப் பார்த்ததும் எல்டனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "என் மாடுங்க உன்ன என்ன பாடு படுத்தியிருக்கும்! நானே செஞ்சிருக்கணும் எல்டன், நீ செஞ்சுட்ட." அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய் ஆதரவும் திரட்டினான். கட்டிப்பிடித்த அன்று எல்டனின் கோட்டில் அந்த வாசனைத் தண்ணீர் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வேலிக்கம்பத்தில் மாட்டிக் காற்றாட விட்டான்.

"என் திருத்தத்தையும் அவனே தூக்கிட்டுப் போறான்" என்று என்னிடம் பல்லைக் கடித்தான்.

நவம்பரில் திருத்தம் ஜெயித்தது. அப்போது இருந்த உறுப்பினர்களின் காலம் முடிந்த பிறகு ஜூன் கூட்டம் என்று ஏற்பாடு. மிச்சமிருந்த ஜனவரிகளில் எல்டன் சீட்டியடித்துக்கொண்டே லூமிரின் கன்றுகளை இழுத்தான். பிறகு எதிர்பார்த்தபடியே லூமிர் அறிவித்தான்: ஜூனில் புல்லை விட்டுவிட்டு வரமுடியாது, இனி நிற்கப்போவதில்லை. எல்டன் அன்று காபிக்கடையில் எல்லோருக்கும் கசகசா வைத்த கொலாச்சி பன் வாங்கிக் கொடுத்தான். லூமிருக்கு இரண்டு.

அடுத்த வாரம் கட்சிக்காரர்கள் மூன்று பேர் ரோஸ்வோல்ட் வீட்டுக்கு வருவதாகத் தகவல் வந்தது. எல்டன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். போனால், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, முடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருக்கிறான்.

"என்ன மாப்ள, யார் செத்தது?"

"திருத்தம் கொண்டுவந்தவன்தான நிக்கணும்? கேக்கத்தான் வர்றாங்க. எனக்குப் பேச வராதுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். ஆனா ரொம்ப வற்புறுத்தினா..."

வந்தவர்கள் அவனோடு கை குலுக்கினார்கள். அவனுடைய திருத்தத்தைப் புகழ்ந்தார்கள். பிறகு நாற்காலிகளை மேவிஸ் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"இத்தன வருஷம் அடுத்தவங்க மசோதாவ வாசிச்சீங்கம்மா. இனி உங்களோடத எழுதுங்க."

மேவிஸ் எல்டனைப் பார்த்தாள். "நீ என்ன சொல்ற?"

ஒரே வார்த்தை சொன்னால் போதும், அவள் எழுந்து காபி ஊற்றப் போயிருப்பாள். எனக்கு அது தெரியும், என் தங்கை. எல்டன் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பித்தானைக் கழற்றினான்.

"ஜூன்ல ரோடு நல்லாருக்கும்" என்றான்.

அவள் ஜெயித்தாள். அவள் முகம் போட்ட அட்டைகள் வேலிக்கம்பம்தோறும் தொங்கின. காபிக்கடையில் அவனுக்குப் பெயரே போய்விட்டது. "உறுப்பினரம்மா வீட்டுக்காரர் வந்துட்டாரு, நகருங்கப்பா!" முன்பு பொறாமைப்பட அவனுக்கு ஓர் ஆள் இருந்தான். இப்போது அவளோடு கை குலுக்குகிற எல்லோரும், அவள் முகத்தைத் தாங்கி நிற்கிற கம்பமும்.

ஜூன் முதல் திங்கள் மேவிஸ் தன் சொந்தக் காரில் புறப்பட்டாள். மறுநாள் காலை லூமிர் டிராக்டரோடு, பின்னால் பேலரோடு, எல்டனின் கேட்டுக்குள் நுழைந்தான்.

"என்ன?" என்றான் எல்டன்.

"என்னன்னா? உறுப்பினர் வீட்டு வேலை. பக்கத்துப் பண்ணைக்காரன் நான்தான. என் புல்ல சாயங்காலமா பாத்துக்கிறேன்."

எல்டனே பனியில் முழங்கால் போட்டுக் காத்த கட்டுப்பாடு. மாட்டேன் என்று சொல்ல வழியில்லை.

தினமும் லூமிர் வந்தான். மேவிஸ் ஓட்டுகிற டிராக்டரைவிட அவன் டிராக்டர் வேகமாகப் போனது. மதியம் எல்டன் வீட்டுச் சமையலறையில், ஜன்னலோரம் மேவிஸ் உட்காருகிற நாற்காலியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். அந்த வார வியாழக்கிழமை புல் ஏற்ற நான் போயிருந்தேன். எல்டன் முற்றத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். உள்ளே போன் அடித்தது. சுவரில் இருந்த போன், லூமிருக்கு எட்டுகிற தூரம். எடுத்துவிட்டான்.

"மேவிஸா! எப்படிம்மா இருக்கு நம்ம பழைய இடம்?"

அப்புறம் சிரிப்பு. ஜன்னல் வழியாக நன்றாகவே கேட்டது.

எல்டன் குழாயை மூடவில்லை. தண்ணீர் காலணியில் வழிந்துகொண்டிருந்தது.

"மச்சான்."

"ம்."

"திரும்ப ஜனவரிக்கே மாத்தணும்னா எவ்வளவு கையெழுத்து வேணும்?"

எனக்குக் கோபம் வந்தது. "கையெழுத்து எதுக்குடா? ஊர்ல உள்ள அத்தன பேர்கிட்டயும் பேசின, அவகிட்ட பேசினியா? உள்ள போய் அந்தப் போன வாங்கு, கழுத!"

போனான். ஈரக்கையாலேயே வாங்கினான். நான் கதவருகில் நின்றேன்.

"மேவிஸ். அந்தத் திருத்தம்... அது மாட்டுக்காக இல்ல."

அவள் என்ன சொன்னாள் என்பதைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள். "அத டைப் அடிச்சவளே நான்தான எல்டன். மாட்டுக்காக எவனாவது அரசியல் சட்டத்தத் திருத்துவானா? நீ வாயத் திறப்ப, திறப்பன்னு ஒவ்வொரு தாளா அடிச்சேன். கடைசி வரைக்கும் திறக்கல. சரி, நானும் பாத்துடுறேன்னு தேர்தல்ல நின்னுட்டேன்."

"வெள்ளிக்கிழமை வந்துடுவியா?" என்றான்.

வருவதாகச் சொல்லியிருப்பாள். போனை வைத்தான். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். லூமிர் தட்டில் மிச்சமிருந்த மாட்டிறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தான்.

"லூமிர், அது அவ நாற்காலி. எந்திரி."

ஏன் என்று லூமிர் கேட்கவில்லை. காது மடல் மட்டும் சிவந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்க நாற்காலிக்கு மாறினான். எல்டன் ஜன்னலோர நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவைத்தான். தானும் அதில் உட்காரவில்லை, நின்றபடியே சாப்பிட்டான். பிறகு மூவரும் வயலுக்குப் போனோம். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது, புல் அதற்குள் வீடு சேர வேண்டும்.