வெல்டிங் வைத்த பாட்டுப்பெட்டி

பட்டறைக்காரர் பெட்டியைப் பெருமையாக நீட்டினார். திருப்பிப் பார்த்தேன். அடித்தகட்டின் நாலு ஓரமும் வெல்டிங்! ஒரு திருகாணி கிடையாது. அட கடவுளே, உள்ளே என் சர்க்யூட் இருந்ததே!

"ஏனுங்கண்ணா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"திருகாணி நம்ம ரோட்டுக்கு நிக்காதுங்க. ஆட்டத்துல கழண்டுபோயிரும். அதான் வெல்டிங் வெச்சுட்டேன். சென்மத்துக்கும் அசையாது."

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை அது. தகடு வேலை சுத்தமாக இருக்கும் என்றுதான், சர்க்யூட்டை உள்ளே பூட்டி அடித்தகடு போடச் சொல்லி அங்கே கொடுத்தேன். மேஜை மேல் உட்காரப் போகிற பெட்டிக்கு எந்த ரோடு, எந்த ஆட்டம்? வெல்டிங் கரண்ட் பாய்ந்தால் உள்ளே கருகாதா என்று கத்தினேன்.

"அது தெரியாதுங்களா? லாரின்னா மொதல்ல பேட்டரி ஒயரக் கழட்டிப்போட்டுத்தான் தொடுவோம். இதுல பேட்டரியே இல்லீங்களே!"

உடனே அறுத்துத் திறக்கச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவர். சர்க்கரை நோய் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. கம்ப்யூட்டரில் பாட்டு அமைக்க உட்கார்ந்தால், மவுஸ் அம்பு எங்கே நிற்கிறதென்றே தெரியாது. அதற்காகத்தான் நானே ஒயர் ஒயராகப் பற்றவைத்து, குமிழ்கள் வைத்த இந்தப் பெட்டியைச் செய்தேன். திருகினால் கம்ப்யூட்டரில் ஒலி மாறும், பார்க்கவே வேண்டாம். அன்று சாயந்திரம் சேலத்து ஸ்டூடியோக்காரர் நேரில் வந்து பார்ப்பதாக இருந்தார். இந்தப் பெட்டியை வைத்து இவரால் பாட்டு அமைக்க முடிந்தால் ஸ்டூடியோ வேலை இவருக்கு, இல்லையென்றால் மறுநாளே வேறு ஆளுக்கு.

கிரைண்டரால் அடித்தகட்டை அறுத்தோம். தீய்ந்த வாடை குப்பென்று அடித்தது. சர்க்யூட் அட்டையின் நடுவே ஒரே கறுப்பு. பட்டறைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷனை என்னவென்று திட்டுவது?

வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் பெட்டியைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார். மேலே குமிழ்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொன்றாகத் தடவித் திருகினார்.

"இது தபேலா, இது பேஸ், இது எக்கோ. செரிதானே? நீ சொன்ன வரிசைய மனப்பாடம் பண்ணிட்டேன் சாமி. ஸ்டூடியோக்காரரு அசந்துபோயிருவாரு பாரு!"

சிரித்தார். அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"ஒயரச் சொருகு, கேக்கலாம்."

"கருகிப்போச்சுங்க. பட்டறைல வெல்டிங் வெச்சுட்டாங்க."

அவர் எக்கோ குமிழை மெதுவாகக் கடைசிவரை திருகினார்.

"அப்ப ஸ்டூடியோக்காரர வர வேண்டாம்னு சொல்லிப்போடு" என்றார்.