டெட்மேன் மேல் நாலு முட்டை

1. பக்கெட்டுக்கு முன்னால்

பொக்லைன் பக்கெட் இறங்குகிற இடத்தில் ஒரு பெண் வந்து நின்றால் எந்த ஒர்க் இன்ஸ்பெக்டரும் பதறித்தான் போவான். எனக்குக் கோபமும் சேர்ந்து வந்தது. கள்ளிக்குப்பம் பக்கத்தில் ஓர் ஏரியில் தூர் வாரிக்கொண்டிருந்தோம். கோடை மழை இப்போதெல்லாம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். ஆபரேட்டர் தயாளன் வண்டியை ஆஃப் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"இன்னா சார், இந்தம்மா நவுர மாட்டேங்குது. கல்லக் காட்டி முட்டைன்னுது."

அந்தப் பெண் பெயர் வித்யா. முகப்பேரில் ஃபிளாட், ஐ.டி. வேலை, லீவு நாளில் கழுத்தில் பைனாகுலரோடு ஏரியைச் சுற்றுகிறவர். நான் போட்ட சத்தத்துக்கு அவர் பதில் சத்தம் போடவில்லை. கொஞ்சம் குனிந்து பார்க்கச் சொன்னார். என் பூட்ஸுக்கு ஒரு ஜாண் தள்ளி நாலு முட்டை. சரளைக்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. முப்பது வருஷமாக ஏரிகளில் நடந்த கால் இது. எத்தனையை மிதித்திருக்கும் என்று நினைத்தபடி பூட்ஸை மெதுவாகப் பின்னால் எடுத்தேன்.

உப்புக்கொத்தி என்றார். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது, கழுத்தில் கறுப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். கூடு கட்டாது. தண்ணீர் வற்றிய தரையில் சின்னதாகக் குழி பறித்து முட்டையிடும். முன்பு கரையோரம் வெறும் மண்ணாகக் கிடந்தது. இப்போது கரை முழுக்க நடைபாதை, நாய்கள். அதற்கு மிச்சம் இருப்பது ஏரியின் நடுவயிறுதான். நாங்கள் தோண்டுவதும் அங்கேதான்.

2. என் கெட்டிக்காரத்தனம்

எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று பின்னால் அளக்க, பழைய தரையில் ஆங்காங்கே ஒரு திட்டைத் தொடாமல் விட்டுவைப்போம். அதற்கு டெட்மேன் என்று பெயர். அளவெடுத்து முடியும்வரை கலெக்டரே வந்து சொன்னாலும் எந்த ஆபரேட்டரும் அதில் கை வைக்கமாட்டான். முட்டை இருந்த இடத்தையும் ஒரு டெட்மேன் ஆக்கிவிட்டேன். என் மேலதிகாரி ஏ.இ.யிடம், அதாவது உதவிப் பொறியாளரிடம், சொல்லவில்லை. குருவிக்காக என்று சொன்னால் சிரிப்பார் என்று பயம்.

நாளுக்கு நாள் சுற்றிலும் தரை இறங்கியது. திட்டு இடுப்பு உயரத்துக்கு நின்றது. குருவி வண்டிக்குப் பயப்படவில்லை, நடந்துபோகிற ஆளைக் கண்டால்தான் எழுந்து ஓடியது. அதனால் அந்தப் பக்கம் யாரும் இறங்கி நடக்கக்கூடாது என்று தயாளனே சட்டம் போட்டான். டீ குடிக்கக்கூட வண்டியைத் தூரமாகக் கொண்டுபோய் நிறுத்தினான். எனக்கு ஏகப் பெருமை.

பத்து நாள் கழித்து வித்யா வந்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"சார், இதோட குஞ்சுக்கு யாரும் ஊட்ட மாட்டாங்க. பொரிச்ச அன்னைக்கே தானா நடந்து தண்ணியோரம் போகணும். நாலு பக்கமும் செங்குத்தா வெட்டி வெச்சிருக்கீங்களே."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஏ.இ. போன் வந்தது. மழை வரப்போகிறதாம். நாளைக் காலையில் அளவு, மதியத்துக்குள் எல்லா டெட்மேனையும் எடுத்துவிட வேண்டும். 

3. வெயிலில் ஒரு சரிவு

ஒரே வழி, ஏரியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் தேங்கியிருந்த பக்கமாகத் திட்டிலிருந்து மண் கொட்டிச் சரிவு போடுவது. அதைச் செய்தால் அந்த டெட்மேன் கெட்டுவிடும், என் குட்டும் வெளிப்படும். அதைவிடப் பெரிய சிக்கல், பக்கெட் கிட்டே போனால் இந்த முறை குருவி எழுந்துவிடும். உச்சி வெயில் தாழ்ந்தபாடில்லை. நிழல் இல்லாத முட்டை வெந்துபோகும் என்றார் வித்யா. பத்து நிமிஷம் வேலை, பின்வாங்கல், குருவி திரும்ப உட்காரும்வரை காத்திருத்தல். இப்படி நாலு தடவை. கடைசித் தடவை அது வெகுநேரம் திரும்பவில்லை. தயாளன் லீவரைப் பிடித்தபடி முட்டை இருந்த குழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருவழியாக வந்து உட்கார்ந்தது.

மறுநாள் ஏ.இ. டேப்போடு நேராக அந்தத் திட்டுக்குத்தான் போனார்.

"இதுல யாரு மண்ணக் கொட்டுனது?"

"நான்தான் சார். இது டெட்மேனே இல்ல. பொய் சொல்லி விட்டு வெச்சேன்."

 ஏ.இ. காலடியில் குருவி ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, அடிபட்டதுபோல் நடித்து, அவரை வேறு பக்கம் கூட்டிப்போகப் பார்த்தது. அவர் மெதுவாகப் பின்னால் வந்தார். மற்றதை அளந்து எடுக்கச் சொன்னார், இதை விடச் சொன்னார், எனக்கு மெமோ வரும் என்றும் சொன்னார். வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமே மழை கொட்டியது. காலையில் போய்ப் பார்த்தால் திட்டின் மூன்று பக்கமும் இடிந்து கிடந்தன. சரிவு மட்டும் நின்றது. தண்ணீர் ஓரத்தில் பஞ்சு உருண்டைபோல் மூன்று குஞ்சுகள் ஓடி ஓடி நின்றன. தயாளன் திரும்பத் திரும்ப எண்ணினான்.

"மூணுதான் கீது சார்."

நாலாவது முட்டை குழியிலேயே நனைந்து கிடந்தது. முதலிலேயே கெட்டதா, நாங்கள் தாயை எழுப்பிய அந்த வெயிலில் போனதா, யாராலும் சொல்ல முடியாது என்றார் வித்யா. எனக்கு ஆறுதலாக அப்படிச் சொன்னாரோ என்னவோ.

ஏரி வேலைக்கு வருகிற பிள்ளைகளே, முட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். குஞ்சு எந்தப் பக்கமாக நடந்துபோகும் என்று முதல் நாளே கேளுங்கள். நான் கேட்கப் பத்து நாள் ஆனது.