கழுத்துக்குள் மஞ்சள் டேப்

எனக்குக் கால்பந்து பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். ஆனால் ஒரு டீமை இன்னொரு டீம் விலைக்கு வாங்கினால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவேன். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை எனக்கு. ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையருக்கும் எங்கள் பேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி வாங்கி நானும் நன்றாகவே திட்டுவேன்.

ஐரோப்பாவில் ஒரு பெரிய கிளப். அது கடல் தாண்டி இன்னொரு கண்டத்தில், ஒரு துறைமுக ஊரின் சின்ன டீமை வாங்கிப் போட்டது. வாங்கின கையோடு சட்டை நிறத்தையும் மாற்றிவிட்டார்கள். காலங்காலமாக மஞ்சளில் ஆடின டீம் இனி பெரிய கிளப்பின் மெரூனில்தான் ஆட வேண்டும். ரசிகர்கள் வாங்கிப் போட்டுக்கொள்கிற அந்த மெரூன் பனியன் ஆர்டர் எங்களிடம் வந்தது. முதலாளி தயங்கினார். நான்தான் எடுங்கண்ணா, பார்த்துக்கலாம் என்று வாயைக் கொடுத்தேன். என் பேச்சை நம்பி அவர் பின்னால் ஒரு புது ஷெட் பிடித்து, மெஷின் இறக்கி, ஒடிசாவிலிருந்து நாற்பது பேரையும் வரவழைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது வினை. மொத்தத் துணிக்கும் சாயம் போடுவதற்கு முன்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டுக்குச் சாயம் ஏற்றி அனுப்புவோம். பையர் சரி என்றால்தான் மேலே வேலை நடக்கும். நாங்கள் அனுப்பிய முதல் துண்டு சிவப்பு தூக்கல் என்று திரும்பியது. சரி, நியாயம். இரண்டாவது மங்கல் என்றார்கள். மூன்றாவது ஏதோ குறைகிறது என்றார்கள். என்ன குறைகிறது என்று சொன்னால்தானே? ஐந்தாவதும் திரும்பி வந்தபோது டையிங் மாஸ்டர், என்னுடைய கண்ணில் கோளாறா அந்த ஆளுடைய கண்ணில் கோளாறா என்று என்னிடமே கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாதக் கடைசிக்குள் ஒப்புதல் வராவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். புது ஷெட்டில் நாற்பது மெஷினும் உறை போட்டபடி நின்றன. வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும் எழுந்து, "தீதி, காம்?" என்று கேட்பார்கள். அக்கா, வேலை எப்போது என்று அர்த்தம். நாளைக்கு, நாளைக்கு என்று எத்தனை நாள் சொல்வது? அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு பின்வழியாகப் போக ஆரம்பித்தேன். அசிங்கமாகத்தான் இருந்தது.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, துண்டுகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த ஆளே நேரில் வந்தார். அந்தத் துறைமுக ஊர்க்காரர், டீமின் கடையில் பனியன், தொப்பி பிரிவைப் பார்க்கிறவர். ஐம்பது வயதிருக்கும். பார்க்கப் பரம சாது. முதலாளி இளநீர் வெட்டிக் கொடுத்தார், குடித்தார். நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற லைட் பாக்ஸுக்குள் ஆறாவது துண்டையும் அவர்கள் கொடுத்த மூலத் துணியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். இரட்டைப் பிள்ளைகள் தோற்றுப் போகும். மனிதர் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் பொறுமையை இழந்து, இதில் என்ன குறை, சொல்லுங்கள், சரி செய்கிறேன் என்று கேட்டேவிட்டேன். குறை ஒன்றுமில்லை என்றார். இரண்டாவது துண்டே சரியாகத்தான் இருந்ததாம். அடப் பாவி மனுஷா, நாலு துண்டு தண்டமா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவரே மெதுவாகச் சொன்னார். அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். சனிக்கிழமைதோறும் மஞ்சள் பனியன் மாட்டி மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போவாராம். நிறம் மாறுகிறது என்று ஒரே ஒரு கடிதம் வந்தது, யாரையும் கேட்கவில்லை. அந்த மெரூனுக்கு ஒப்புதல் கொடுக்கிற வேலை இவர் தலையில் விழுந்தது. ஒவ்வொரு தடவை பார்சலைப் பிரிக்கும்போதும் கையெழுத்துப் போடக் கை வரவில்லை என்றார்.

எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. எங்கள் கம்பெனி பாகம் பிரிந்த வருஷம் வாசல் போர்டை அழித்து வேறு பெயர் எழுதினார்கள். சம்பளம் அதேதான், மெஷினும் அதேதான், ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்காக நாற்பது பேரை உட்கார வைக்க முடியுமா? அளவு பார்க்கத் தைத்து வைத்திருந்த மெரூன் சாம்பிள் பனியனை எடுத்து, தயவுசெய்து இதையாவது பாருங்கள் என்று அவர் கையில் கொடுத்தேன். அவர் பனியனின் கழுத்தை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

பனியனின் பின்கழுத்தில், உள்பக்கம் தையல் உறுத்தாமல் இருக்க விரல் அகலத்தில் ஒரு டேப் வைப்போம். மெரூன் பனியனுக்கு மெரூன் டேப்தான் வைக்க வேண்டும். இதில் பளீரென்று மஞ்சள்.

சாம்பிள் டெய்லரைக் கூப்பிட்டேன். குன்னத்தூர்க்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். விருந்தாளி எதிரில் என்றுகூடப் பார்க்காமல், கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டா தைத்தீர்கள் என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் அசரவே இல்லை.

"அந்த டீம்காரங்க அளவுக்குக் குடுத்த பழைய பனியன்ல மஞ்சள் டேப்புதானுங்க அம்மிணி இருந்துச்சு. அதே மாதிரி வெய்யுங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

சொன்னேன்தான். என்ன சொல்கிறார் என்று விருந்தாளி கேட்டார், மொழிபெயர்த்தேன். வந்ததிலிருந்து முதல் தடவையாக மனிதர் சிரித்தார். கட்டைவிரலால் அந்த மஞ்சளைத் தடவிக்கொண்டே, டேப்பின் நிறத்தைப் பற்றி எங்கள் ஆர்டர் விவரத் தாளில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டார். பார்த்தேன். அகலம் இருந்தது, தையல் இருந்தது, நிறத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. உடனே ஒப்புதல் அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, அந்தப் பனியனிலேயே கட்டி சீல் வைத்துவிட்டார்.

எங்கள் தொழிலில் சீல் வைத்த சாம்பிள்தான் சட்டம். அதில் ஒரு தையல் கோணலாக இருந்தால் அத்தனை ஆயிரம் பனியனிலும் அதே கோணல் வர வேண்டும். அவருக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

முதலாளிதான் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே மெரூன், உள்ளே மஞ்சள், நாளைக்கு ஏதும் வம்பு வராதுங்களா என்று கேட்டார். சீல் இருக்குதுங்கண்ணா என்றேன். அன்று சாயங்காலம் முன்வாசல் வழியாகவே புது ஷெட்டுக்குப் போனேன். மெஷின் உறைகளை அவர்களே உருவிக்கொண்டிருந்தார்கள்.

சீசன் தொடங்கியதும் அவரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. கேலரி நிறைய மெரூன். அத்தனை பேரும் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்கழுத்தை வெளிப்பக்கமாக மடித்துவிட்டிருந்தார்கள். வரிசை வரிசையாக மஞ்சள். ஆபீசில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதில் என்ன வெட்கம்?

அடுத்த ஆர்டரை ஐரோப்பாவின் பெரிய கிளப்பே நேராக அனுப்பியது. தாளைப் புரட்டினால், காலியாகக் கிடந்த அந்தக் கட்டத்தில் எழுத்து இருந்தது. டேப் மஞ்சள், கட்டாயம்.

தாளோடு சாம்பிள் பிரிவுக்கு ஓடினேன். டெய்லர் எனக்கு முன்னாலேயே புது சாம்பிளை முடித்து, இஸ்திரி போட்டு, பெருமையாக நீட்டினார். கழுத்தைத் திருப்பினேன். மெரூன் டேப்.

"போன தடவ வாங்குன திட்டு போதாதுங்களா அம்மிணி? இந்தத் தடவ பாத்துப் பாத்து வெச்சுப்போட்டனுங்க."

அவர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த மெரூன் டேப்பை நானே பிரிக்க ஆரம்பித்தேன்.