உலக ஒற்றுமை வீணை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலைவிழாவில்தான் ஒரு தமிழ்ச் சங்கத்தின் செயலாளரைச் சந்தித்தேன். பட்டு வேட்டி, கழுத்தில் அடையாள அட்டை. கதைக்கும்போதெல்லாம் பக்கத்து மேசையில் இருந்த வீணையைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பெயர் 'உலக ஒற்றுமை வீணை'. குடம் முழுக்க நாட்டுக் கொடிகள் வரைந்திருந்தார்கள். தந்தி பூட்டவில்லை, வாசித்தால் பெயின்ற் உரிந்துவிடுமாம்.

கொடிகளுக்குக் கீழே நாடுகளின் பெயர்கள் இருந்தன: கனடா, சுவிஸ், நோர்வே, ஏன், லண்டன்கூட.

"அண்ணை, ஆபிரிக்க நாடு ஒண்டையும் காணேல்லையே?" என்று கேட்டேன்.

துடைத்த கை நின்றது. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அங்க எங்கட ஆக்கள் இல்லைத்தானே, தம்பி."

அவர் பகிடி விடவில்லை, மெய்யாகவே சொன்னார். இன்றைக்கும் மேடையில் யாராவது 'உலகம்' என்றால், யாருடைய சொந்தக்காரர் இருக்கிற உலகம் என்று கேட்க வாய் உன்னுகிறது.