முன்னறைக் கம்பியூட்டர் இரைந்த காலம்

எங்கள் முன்னறையில் மூன்று தரப்புக்கு வேலையிருந்தது: எனக்கு, மகளுடைய கம்பியூட்டருக்கு, சாமிக்கு. மூவரும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு கொஞ்சக் காலம் நன்றாகத்தான் இருந்தோம்.

கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேலே உள்ள வீடு. ஒரு படுக்கையறையில் என் கணவர் பகலெல்லாம் தூங்குவார்; இரவு பஸ் ஓட்டுகிறவர். மற்ற அறையில் மகளின் கட்டிலையும் அலுமாரியையும் வைத்தபின் ஒரு கதிரை போடவும் இடமில்லை. ஆகவே அவளுடைய கம்பியூட்டர் முன்னறையின் ஒரு மூலைக்கு வந்தது. எதிர்ச் சுவரோரம் என் சின்ன மேசை. கம்பியூட்டருக்கு நேர் மேலே, சுவரில் பூட்டிய தட்டில், பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும்.

நான் டெலிபோனில் மொழிபெயர்க்கிறவள். ஆஸ்பத்திரியிலிருந்தோ கவுன்சிலிலிருந்தோ குரோய்டனில் விசா அலுவல் பார்க்கும் சட்டத்தரணியிடமிருந்தோ அழைப்பு வரும். ஒரு காதில் ஆங்கிலம், மறு காதில் தமிழ் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் இரண்டும் ஒரே ஹெட்செட்டில் வந்து விழும். பேசுகிறவரின் முகம் தெரியாது. குரல் மட்டும்தான் நமக்கு வாய்த்தது.

கம்பியூட்டர் ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே நிறம் மாறும் விளக்குகள். மகள் சுப்பர்மார்க்கெட்டில் வேலை செய்துகொண்டே ஒவ்வொரு துண்டாக வாங்கி, தானே பூட்டியது. முதலில் கேம்ஸ் விளையாடத்தான். பிறகு யூனிவர்சிட்டியில் அனிமேஷன் படிக்கச் சேர்ந்தாள். அதே பெட்டி படிப்புக்கும் உதவியது. அவள் செய்துவைத்த பொம்மைப் படத்தை அது காட்சி காட்சியாகத் தீட்டி முடிக்கப் பல மணித்தியாலம் எடுக்கும். ரெண்டர் என்பாள் அதை. காலையில் வேலையைக் கொடுத்துவிட்டு அவள் வகுப்புக்குப் போய்விடுவாள். பகல் முழுவதும் அந்தப் பெட்டியும் நானும்தான் வீட்டுக்காரர்.

இரைச்சல் எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முதலில் பிரிட்ஜ் உறுமுவதுபோல இருந்தது. பிறகு தலைமயிர் காயவைக்கும் மெஷினைப் பக்கத்து அறையில் யாரோ நிறுத்த மறந்ததுபோல. கடைசியில் பக்கத்து அறை இந்த அறையாகிவிட்டது. ஒரு டொக்டர் மிக மரியாதையாக, நான் விமான நிலையத்தில் இருக்கிறேனா என்று கேட்டார். இல்லை டொக்டர், என் வீட்டு முன்னறையில் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"பிள்ளை, இந்தப் பெட்டியை ஒருக்கா நிப்பாட்டட்டோ" என்று ஒரு நாள் மகளுக்குப் போன் எடுத்துக் கெஞ்சினேன்.

"ஐயோ அம்மா, ரெண்டர் போகுது. தொட்டுடாதேங்கோ, ப்ளீஸ். நாளைக்கு சப்மிட் பண்ணோணும்."

எனக்கு வேலை அழைப்பை வழங்கும் நிறுவனத்துப் பெண்ணும் ஒரு நாள் கூப்பிட்டாள். இரைச்சல் பற்றி முறைப்பாடு வந்திருக்கிறதாம். இன்னொன்று வந்தால் ஆஸ்பத்திரி அழைப்புகளிலிருந்து என்னை எடுத்துவிடுவார்களாம். தேன் தடவிய குரலில் சொன்னாள். அந்தக் குரலில் சொன்னால் கோபிக்கவும் முடியாது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவளில்லை. அதே கிழமை வந்த ஒரு அழைப்பு. ஒரு நர்ஸ், ஒரு தமிழ்ப் பெண். வழக்கமான கேள்விகள். நடுவில் அந்தப் பெண் ஏதோ சொன்னாள். மிகத் தாழ்ந்த குரல். அதே கணத்தில் பெட்டி வெறிபிடித்து உறுமியது. நர்ஸிடம் அனுமதி கேட்டுவிட்டு, "அம்மா, விளங்கேல்லை. திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ" என்றேன்.

ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். பிறகு, "ஒண்டுமில்லை. விடுங்கோ" என்றாள்.

அவள் சொன்னதைச் சொல்வதுதான் என் தொழில். ஒன்றுமில்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நர்ஸ் அடுத்த கேள்விக்குப் போனாள். அழைப்பு முடிந்ததும் எழுந்து போய் அந்தப் பெட்டியைக் காலால் உதைத்தேன். எனக்குத்தான் நொந்தது. ஒன்றுமில்லாததை ஒருவர் அந்தக் குரலில் சொல்வதில்லை. சில விஷயங்களை ஒருவர் ஒரு தரந்தான் சொல்லுவார். அந்த ஒரு தரத்தை இந்தப் பெட்டி தின்றுவிட்டது.

அன்று மாலை மகள் வந்தவுடன் நாக்கில் வந்ததையெல்லாம் சொன்னேன். இதைத் திருத்து, இல்லாவிட்டால் யன்னலால் எறிவேன் என்றேன். அவள் என்னை நன்றாக அறிந்தவள். எறியமாட்டேன் என்று தெரியும், ஆனால் விடமாட்டேன் என்றும் தெரியும். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நிலத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் திறந்தாள்.

முதல் சந்தேகம், ஏதாவது வயர் விசிறியில் உரசுகிறது என்று. வயர்களையெல்லாம் இழுத்துக் கட்டினாள். இரைச்சல் குறையவில்லை. அடுத்தது தூசி. முன்பக்கத்தில் தூசியைத் தடுக்கும் வலையைக் கழற்றிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது. அதற்குக் காரணம் என் கணவர். வெள்ளிக்கிழமைதோறும் சாமித்தட்டைத் துடைக்கும் கையோடு அந்த வலையையும் ஈரத்துணியால் துடைத்து, பெட்டியின் நெற்றிக்கு ஒரு சந்தனப்பொட்டும் வைத்துவிடுவார்.

"இவ்வளவு கிளீனான பிசியை நான் பாத்ததேயில்லை" என்று மகள் தகப்பனைப் பாராட்டினாள். அவர் முகம் மலர்ந்தது.

அவரிடம் இதற்கு வேறொரு விளக்கம் இருந்தது. கிங்ஸ்பரியில் இருக்கும் அவருடைய தங்கை குடும்பத்தோடு வந்து, இந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கண் வைத்து வாயூறிவிட்டுப் போனாளாம். அதற்குப் பிறகுதான் இரையத் தொடங்கியதாம்.

"நாவூறு பட்டிட்டுது. உதுக்கு ஸ்குரூ டிரைவர் சரிவராது."

"அப்பா, மெஷினுக்கு எப்பிடி நாவூறு படும்?"

"காருக்குப் படுது. உதுக்கேன் படாது?"

புதுக் கார் வாங்கினபோது சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசுக்கிய குடும்பம் நாங்கள். அவர் வெள்ளிக்கிழமைதோறும் சாமிக்குப் போடும் சாம்பிராணியைச் செவ்வாய்க்கிழமைக்கும் நீட்டினார். புகை அலாரத்துக்கு ஷவர் தொப்பி போட்டு மூடிவிட்டு, தூபக்காலில் கரியைப் பற்றவைத்து, சாமிக்குக் காட்டியபின் பெட்டிக்கு முன் குந்திக்கொண்டு அதற்கும் காட்டுவார். புகை வளைந்து போய் முன்வலைக்குள் நுழையும். "பாத்தியேப்பா, எப்பிடி இழுக்குது எண்டு. அதுக்கும் தேவைப்படுது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். நானும் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. புகை வாசமாக இருந்தது, அவ்வளவுதான்.

மகள் இணையத்தில் கேம்ஸ் விளையாடுகிறவர்கள் கூடும் இடத்தில் கேட்டாள். காற்றுப் போதவில்லை, முன்னால் இன்னொரு விசிறி போடு என்றார்களாம். போட்டாள். புகை முன்னிலும் அழகாக உள்ளே போயிற்று. இரண்டு கிழமையில் சத்தம் இன்னும் மோசமானது. என் கணவர் வென்ற முகத்தோடு நின்றார். "புதுசு போட்டும் இரையுது. இனியெண்டாலும் நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

அதற்குப் பிறகு அவள் சமையலறைக் கடதாசிச் சுருளின் வெறும் மட்டைக் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை உள்ளே ஒவ்வொரு இடமாகப் பிடித்துக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அது நல்ல யோசனைதான். நானும் வாங்கிக் கேட்டேன். படம் தீட்டும் கிராபிக்ஸ் அட்டையிலிருந்து வருகிறது என்பது எனக்கே விளங்கியது. அந்தப் பெட்டியில் விலை கூடினது அதுதான். அதைத் திறந்து ஏதும் பிழைத்தால் டிகிரியே போச்சு என்று அவள் தொடப் பயந்தாள். பதிலுக்கு அதன் விசிறிகளின் வேகத்தைக் குறைத்துவிட்டாள். வீடு அமைதியானது. எனக்குச் சந்தோஷம் தாளவில்லை. அடுத்த நாள் காலை முழுவதும் நிம்மதியாக வேலை செய்தேன். மத்தியானம் பெட்டி சூடு தாங்காமல் தானாகவே அணைந்து போனது. மகளுடைய ஒரு காலை வேலையும் அதோடு போயிற்று.

அவள் வந்து பார்த்துவிட்டு அழுதாள். அழுகிற பிள்ளையை அணைத்துக்கொண்டு அந்தப் பெட்டியை முறைத்தேன். அப்போதுதான் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, திறப்பம்" என்றாள்.

சனிக்கிழமை பழைய பேப்பரை விரித்து, அட்டையைக் கழற்றி வைத்தோம். சின்னச் சின்ன ஸ்குரூ; கழற்றிய ஒழுங்கிலேயே அவற்றைத் தேநீர்ச் சோசரில் வைத்தாள். விசிறிகளோடு பிளாஸ்டிக் மூடி கழன்றது. அதன் கீழே மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கியிருக்க வேண்டும். சூட்டை வெளியேற்றுவது அவைதான். தகடுகளைக் காணவில்லை. அவற்றின் மேல் மண்ணிறத்தில் கம்பளி மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. விரலால் தொட்டாள். பிசினாக ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"அம்மா... கோயில் மணக்குது."

நான் மணந்து பார்த்தேன். சந்தேகமில்லை. வலை தூசியைத் தடுத்திருக்கிறது, புகையைத் தடுக்கவில்லை. சாம்பிராணிப் பிசின் போய் உள்ளே ஒட்ட, தப்பி வந்த கொஞ்சத் தூசியெல்லாம் அதில் ஒட்ட, காற்றுப் போக வழியில்லாமல் விசிறி தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. அது கத்தக் கத்த இவர் இன்னும் புகை போட்டிருக்கிறார்.

எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு என் கணவர் சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு எழும்பி வந்தார். மகள் அட்டையை நீட்டினாள். அவரும் மணந்தார்.

"அப்ப, நான்தானோ?"

"ஓம், நீங்கள்தான்" என்றேன். பல நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபம், வாயில் நின்றது. "உங்கட தங்கச்சியுமில்லை, நாவூறுமில்லை. நீங்கள்தான்!"

அவர் கதிரையில் உட்கார்ந்தார். "பிள்ளைக்கு ஒண்டும் வந்திடக்கூடாதெண்டுதானே போட்டனான்" என்றார். அந்த வசனத்தின் முன் நான் தோற்றுப்போனேன். இரவெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து, தூக்கத்தைத் தள்ளிவைத்து, தனக்கு எள்ளளவும் விளங்காத ஒரு பெட்டிக்கு முன் குந்தியிருந்தது எனக்காகவும் அவளுக்காகவும்தானே. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு எங்களாலும் அடக்க முடியவில்லை.

சுத்தம் செய்ததும் அவர்தான். விளக்குத் தேய்க்கிற பிரஷைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகள் பதறிப் புதுப் பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்தாள். ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு தகடாகத் தேய்த்தார். மகள் சூடு கடத்தும் புதுப் பசை தடவி எல்லாவற்றையும் பூட்டினாள். சுவிட்சைப் போட்டபோது விளக்குகள் மாறின, விசிறிகள் சுற்றின, சத்தம் இல்லை. வேலை செய்கிறதா என்று கிட்டப் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். மெல்லிய காற்று வந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைப் புகை குசினி அடுப்படியில், யன்னலைத் திறந்துவைத்து. அந்த நேரம் பெட்டியை அணைத்துவிட வேண்டும் என்பது மகள் போட்ட சட்டம். சந்தனப்பொட்டு மட்டும் தொடர்கிறது. தங்கை வந்துபோனதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அழைப்பு வந்தது. ஒரு நர்ஸ், ஒரு இளம்பெண். பிள்ளை பிறக்க இருக்கிறவள். எல்லாக் கேள்விக்கும் ஓம், இல்லை என்று சுருக்கமாகப் பதில் சொன்னாள். வீட்டில் உங்களுக்குப் பயமில்லாமல் இருக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். எல்லாரும் உடனே ஓம் என்பார்கள். நான் தமிழில் சொன்னேன். பதில் வரவில்லை. என் முன்னறையில் அந்தப் பெட்டி மகளுடைய பொம்மைகளைத் தீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

பிறகு, மூச்சைவிடக் கொஞ்சம்தான் கூடிய குரலில், "அக்கா, நான் கதைக்கிறது உங்களுக்குக் கேக்குதோ?" என்றாள்.

என்னிடமே கேட்டாலும் அதை ஆங்கிலத்தில் நர்ஸிடம் ஒப்படைக்க வேண்டும். எனக்கென்று அங்கே பதில் இருக்கக்கூடாது. இத்தனை வருட வேலையில் நான் மீறாத விதி அது.

"ஓம் தங்கச்சி, நல்லாக் கேக்குது" என்றேன். "சொல்லுங்கோ."