ஞாயிற்றுக்கிழமைப் புள்ளிகள்

எழுபதுகளில் தூத்துக்குடியில் பி.ஏ. பொருளாதாரம் படித்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் வருகிறது. மாதா மன்னிக்கட்டும்.

கடைசி ஆண்டில் எக்கனாமெட்ரிக்ஸ் என்று புதிதாக ஒரு பாடம் வந்தது. மீன்வரத்து கூடினால் விலை எவ்வளவு இறங்கும் என்று கிராஃப் தாளில் புள்ளிகள் வைத்து, அவற்றின் ஊடே கோடு போட்டுக் காட்ட வேண்டும். ஆசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். என் அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அதனால் கடற்கரை ஏலத்தில் தினமும் நின்று வரத்தையும் விலையையும் நானே குறித்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் காலியாக விட்டிருந்தேன்.

"காலியா விடக்கூடாது. மீன் இல்லேன்னா சைபர் போடு. விலைக்கும் சைபர்" என்றார் ஆசிரியர்.

போட்டேன். அந்தச் சைபர்களெல்லாம் தாளின் கீழ் மூலையில் போய்க் குவிந்து கோட்டையே சாய்த்துவிட்டன. மீன் கூடக் கூட விலையும் ஏறுகிறதாம்!

பக்கத்தில் இருந்த ஆத்தூர்க்காரன் சிரித்தான். "ஏலே, எங்கூர்ல வெத்தல கூடுனா வெல விழும். ஒங்க கடல் மட்டும் தலகீழால்லா இருக்கு!"

நான் எழுந்து நின்றேன். "சார், ஞாயித்துக்கெழம பூசை. வள்ளமே எறங்காது. ஏலமே இல்லாதப்போ வெல சைபர்னு எப்படி சார் சொல்லுதது? அந்தப் புள்ளிய எடுத்துட்டா கோடு சரியா வருது."

"ஒனக்கு வேண்டிய விடை வரணும்னு புள்ளிய அழிப்பியா? நீ சாமி கும்பிட்டா கணக்கு மாறிருமா?"

வகுப்பே சிரித்தது.

ஆத்தூர்க்காரன் ஏலம் நடக்கும் பக்கமே வந்ததில்லை. ஞாயிறு உட்பட எல்லா நாளும் மீன் பட்டதாக வீட்டிலிருந்தே எழுதி வந்திருந்தான். அவன் தாளைத் தூக்கிக் காட்டி, "இதுதான் ஒழுங்கான கணக்கு" என்று கையெழுத்துப் போட்டார் ஆசிரியர்.

வெளியே வந்ததும் அவன் என் தோளைத் தட்டினான். "நீயும் ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு கூடை மீன எழுதிருல. எந்தச் சாமியார் வந்து பாக்கப் போறாரு?"

எழுதியிருக்கலாம். ஆனால் மீன் துள்ளுகிற பருவத்திலும் ஞாயிறு என்றால் வலையைத் தொடாதவர் என் அப்பா. அவர் கடலுக்குப் போனதாக என் கையால் எப்படி எழுதுவேன்? சைபர்களை அழித்துவிட்டு, 'பூசை நாள், ஏலம் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

கையெழுத்து இல்லாமல் தாள் திரும்பி வந்தது.

பரீட்சை அன்று எல்லோரும் உள்ளே போனார்கள். நான் கோயிலுக்குப் போனேன். முழந்தாள் போட்டு செபமாலையைக் கையில் எடுத்தும் ஒரு செபம்கூட வாயில் வரவில்லை. வந்ததெல்லாம் வசவுதான்.